ஒன்பதாவது குண்டு

ஃபஹாஹீல். வியாழன் இரவு, பதினொன்றரை.
ஏசி ஒழுகும் தண்ணீருக்கு ஒரு பெயின்ட் வாளி.
நான் விண்வெளியில் இருக்கிறேன்,
லுங்கியோடு.

மூலநிரல் போய்விட்டது.
அதை எழுதிய மொபைல் கடை இப்போது ஷவர்மா கடை.
மிஞ்சியது ஒரு ஜார் கோப்பு, அறுபத்திரண்டு கேபி.
பிரித்துப் பார்த்தால்
நான் வைத்த பெயர்களில் ஒன்றுகூட இல்லை.
எதிரிக்குப் பெயர் ஏ.
எனக்குப் பெயர் பி.
சாவதற்குப் பெயர் சி,
அது எதையும் திருப்பித் தருவதில்லை.

புது எஞ்சினுக்கு எல்லாம் தெரியும்.
நிறை தெரியும், வெளிச்சம் விழும் கோணம் தெரியும்.
விரலை எடுத்தால் கப்பல் நிற்பதில்லை,
வழுக்கிக்கொண்டே போகிறது.
வெற்றிடத்தில் எது தடுக்கும் என்று கேட்கிறது.
நியாயம்தான்.
ஆனால் எங்கள் கப்பல் நின்றது.
பட்டனை விட்ட இடத்தில் கழுதை மாதிரி நின்றது.
பின்னம் தெரியாத போன்;
முழு எண்களிலேயே பறந்தோம்.
ஆகவே, பள்ளிக்கூட வாத்தியார் யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில்
வெற்றிடத்துக்குள் கொஞ்சம் உராய்வு ஊற்றுகிறேன்.

வெடிப்புக்கு அன்று நான்கு ஆரஞ்சுகள்.
ஜன்னலுக்கு வெளியே, அகமதி ரிஃபைனரியின் உச்சியில்
எரிந்துகொண்டிருந்ததிலிருந்து எடுத்தேன்.
இன்று ஒன்றரைக் கோடிக்கு மேல் நிறம் கிடைக்கிறது.
எழுந்துபோய்த் திரையை விலக்கினேன்.
அதே நான்குதான்.

மேல் கட்டில் முபஷ்ஷிர் ஆடிப் பார்த்தான்.
ஏழாம் கட்டத்தில் பதினோரு முறை செத்தான்.
"இது மனுசன் ஆடுறதுக்கா செஞ்சிய, இல்ல ஜின்னுக்கா?"
எதிரியின் வேகம் அதே. குண்டின் வேகம் அதே.
எண் எண்ணாக ஒப்பிட்டேன்.
பின் எது குறைகிறது?

மறுவாரம் ஜும்ஆ சூக்கில் மூன்று தினாருக்கு
அந்தக் காலத்துப் பட்டன் போன் ஒன்று வாங்கிவந்து
ஜாரை ஏற்றினேன்.
எட்டுக் குண்டு வரை ஓடியது.
ஒன்பதாவது வந்ததும்
போனுக்கு இளைத்தது.
எதிரி, நட்சத்திரம், நான், எல்லாமே
வெயிலில் தார் ரோட்டைக் கடக்கிறவன்போல
கால் கால் எடுத்து வைத்தோம்.
அந்த இளைப்பில்
இரண்டு குண்டுக்கு நடுவே ஒரு கப்பல் நுழையலாம்.

நல்ல கேம் என்று சொன்னார்களே,
கால் தினார் கொடுத்து ப்ளூடூத்தில் வாங்கிப்போனவர்கள்,
அவர்கள் பாராட்டியது நான் எழுதாத வரியை.

எழுதினேன் இப்போது.
லட்சம் குண்டு தாங்கும் இயந்திரத்திடம்
எட்டுக்கு மேல் போனால் களைத்துக்கொள் என்று.
பெயர் எவ்வளவு நீளமாகவும் வைக்கலாம் இந்நாளில்.
'மூச்சு' என்று வைத்தேன்.

முபஷ்ஷிர் ஏழைத் தாண்டினான்.
"இப்பத்தான் சரியா இருக்கு. என்ன மாத்துன?"
சொல்வதற்குள் அவன் போன் கத்தியது:
மங்காஃப், இரண்டு பிரியாணி, பதினான்கு நிமிடம்.
ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு ஓடினான்.
அது அவனுடைய இன்றைய ஒன்பதாவது ஆர்டரோ, பத்தாவதோ.
கீழே பைக் உறுமிப் போவது
சீரான வேகத்தில் கேட்டது.

இன்னொரு பிழை பாக்கி இருக்கிறது.
முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தேழுக்கு மேல்
ஒரு புள்ளி எடுத்தால்
கணக்கு தலைகுப்புற விழுந்து மைனஸ் ஆகிவிடும்.
அவ்வளவு தூரம் போனவர் ஒரே ஆள்,
கிடங்குக் காவல்காரர் டம்பர் தாப்பா.
நைட் ஷிப்ட் முடிந்து நேராகக் கடைக்கு வந்து
போனை மேஜையில் வைத்துக் கேட்டார்:
"பாய், நான் ஜெயித்தேனா தோற்றேனா?"
தெரியவில்லை. கால் தினாரைத் திருப்பிக் கொடுத்தேன்.
வாங்க மறுத்தார்.

புது நிரலில் அதைச் சரிசெய்ய ஒரு சொல் மாற்றினால் போதும்.
மாற்றவில்லை.
வரிக்கு மேலே குறிப்பு மட்டும் எழுதியிருக்கிறேன்:
தாப்பாவிடம் கேட்டுவிட்டு.