தூர்

இங்கே வறண்ட ஆற்றுக்கு வாதி என்று பெயர்.
வழக்குப் போட்டதுதான்: ஏழு வருடம் வாய்தா,
ஒரே இரவில் ஆஜர்.

சஹம் அணைக்குள் என் பொக்லைன்
பாளம்பாளமாய் வெடித்த வண்டலை அள்ளுகிறது.
அளவுகோலில் மூன்றரை மீட்டர்.

கீழே ஹமூதின் பேரீச்சந்தோப்பு.
போன மழையில் மதகு திறந்தபோது
கண்ணாடித் தண்ணீர்.
‘கலங்கல் இல்லை’ என்று எழுதிக்கொண்டார் பொறியாளர்.

மண்ணெல்லாம் மேலே, என் சக்கரத்தடியில்.
வெறுங்கையோடு இறங்கிய தண்ணீர்
கரையில் கைவைத்தது.
பதினொரு மரம், ஒரு மோட்டார் அறை,
பாலத்தின் காலடியையும் தோண்டிவிட்டுக்
கடலுக்குப் போனது.

இன்று ஹமூத் வந்து நின்றார்.
“லாரி எங்கே போகிறது?”
சோஹாருக்கு. வில்லாக்களில் புல் வளர்க்க.

குனிந்து
வண்டல் ஓடு ஒன்றை எடுத்து,
உதறாமல்
கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார்.