யாரும் வாழாத ஆண்டு

டௌகவ்பில்ஸ் நகரத்தின் தட்பவெப்பக் கோப்பில்
ஜனவரி ஓர் ஆண்டினுடையது,
பிப்ரவரி வேறோர் ஆண்டினுடையது.
முப்பது வருடங்களைக் கலைத்து
சராசரிக்குப் பக்கத்தில் நின்ற மாதங்களைப் பொறுக்கி
ஒட்டுப்போட்டு ஒன்றாக்கியிருக்கிறார்கள்.
யாரும் வாழாத அந்த ஆண்டில்தான்
ஒரு ஒன்பது மாடிக் குடியிருப்பை
தினமும் நான் குளிரில் நிறுத்துகிறேன்.

எழுபத்திரண்டு வீடுகள். எனக்கு எழுபத்திரண்டு பெட்டிகள்.
சுவர் என்றால் தடிமன், அடர்த்தி, வெப்பம் கடத்தும் திறன்.
மனிதன் என்றால் நூறு வாட்,
தூங்கினால் எழுபது.
காலை எட்டுக்குப் போவான், மாலை ஆறுக்கு வருவான்.
சண்டை போட்டால் எத்தனை வாட் என்று
கையேட்டில் இல்லை.

முதல் ஓட்டத்திலேயே மென்பொருள் கடிந்துகொண்டது:
இருநூற்றுப் பதினான்காம் பரப்பு மூடவில்லை.
கூரையின் ஒரு முனை
மூன்று மில்லிமீட்டர் விலகியிருந்தது.
அந்த இடுக்கு வழியே
வானம் மொத்தமும் வீட்டுக்குள் வந்துவிடுமென்று அதற்கு பயம்.
மூடினேன்.
எட்டாயிரத்து எழுநூற்று அறுபது மணிகளை
நான்கு நிமிடத்தில் வாழ்ந்து முடித்தது.

அப்புறம் வெப்ப நிறுவனத்தின் ரசீதுகள் வந்தன.
கணக்கு உதைத்தது.
நான் சொன்னதைவிட நூற்றுக்குப் பத்தொன்பது கூடுதல்.
சுவரை மெலியவைத்துப் பார்த்தேன்,
காற்றுக்கசிவைக் கூட்டினேன்,
நிலத்தடியை இன்னும் கொஞ்சம் குளிரவைத்தேன்.
பக்கத்து மேசையிலிருந்து குன்ட்ரா சொன்னாள்:
எண்ணைத் திருகாதே விஸ்மா,
கட்டடத்தைப் போய்ப் பார்.

மைனஸ் பதினான்கு.
வடக்கு முகப்பை அண்ணாந்து எண்ணினேன்.
இருபத்தாறு ஜன்னல்கள் திறந்து கிடந்தன.

நாற்பத்தேழாம் வீட்டில் ஸினாய்தா
கையில்லாத பனியனோடு கதவைத் திறந்தாள்,
கண்ணில் பாதித் தூக்கம்.
டிராம் ஓட்டுகிறாள், இரவின் கடைசி வண்டி.
ரேடியேட்டரைக் காட்டினாள்: திருகக் குமிழ் இல்லை.
கட்டியபோதே வைக்கவில்லை.
சுடுநீர் அடித்தளத்திலிருந்து ஏறி வருகிறது
யாரையும் கேட்காமல்.
"இதுதான் எங்கள் குமிழ்" என்று
ஜன்னல் கொக்கியைத் தட்டினாள்.
"வெந்துபோகும்போது தெருவுக்குக் கொஞ்சம் கொடுத்துவிடுவோம்."

ஒன்பதாம் மாடி, எழுபத்தொன்று.
அர்வீட்ஸ் கால்வே இரண்டு கம்பளிச் சட்டைக்குள் இருந்தார்.
அடுப்புக் கதவைத் திறந்துவைத்து
அதன் எதிரே ஒரு வானொலியைப் பிரித்துப் போட்டிருந்தார்.
கீழே எட்டு மாடிகள் குடித்த மிச்சம்தான்
அவர் குழாய்க்கு வந்து சேர்கிறது.
என் திரையில் அந்த அறை இருபத்தோரு டிகிரி.
அவர் மேசையில் பதினைந்து.

"உங்கள் கணினியில் எனக்குக் குளிரவில்லையா?"
நக்கல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.
இல்லை என்றேன்.
ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.
"அங்கே கொஞ்ச நேரம் உட்கார இடமிருக்குமா?"

திரும்பி வந்து
ஸினாய்தாவைப் பகலில் தூங்கவைத்தேன்.
இருபத்துநான்கு டிகிரியைத் தாண்டினால்
ஜன்னல்கள் தாமாகத் திறக்கட்டும் என்றெழுதினேன்.
நீர் ஏற ஏற ஆறட்டும் என்றேன்.
வித்தியாசம் நூற்றுக்கு இரண்டுக்கு இறங்கியது.
குன்ட்ரா காபி வாங்கித் தந்தாள்.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு பத்தி உண்டு,
கேட்ட சூடு கிடைக்காமல் கழிந்த நேரத்தின் கணக்கு.
நிறைவேறாத மணிகள் என்பது அதன் பெயர்.
நேற்றுவரை எழுபத்தொன்றுக்கு நேரே பூஜ்யம்.
இன்று மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.

சேமிப்பு எவ்வளவு என்பதைத்தான்
நகராட்சி முதலில் தேடும், அதை முன்னால் போடு என்றாள் குன்ட்ரா.
அவள் சொல்வது சரிதான்.
நான் கடைசிப் பக்கத்தை எடுத்து
முதல் பக்கமாக வைத்தேன்.

சேமிக்கும்போது கோப்புக்குப் பெயர் கேட்டது.
'இறுதி' என்ற பெயரில் ஏற்கெனவே மூன்று கிடந்தன.