ஆரோக்கியம் ஆறு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்:
குதிரை இல்லை, முயல் இல்லை,
ஊசி குத்திவிட்டுக் காத்திருக்கும் ஆடும் இல்லை.
பொம்மசந்திராவில், தகரக் கூரைக்குக் கீழே,
கட்டைவிரல் நீளக் குழாய் ஒன்றில்
நூறு கோடி எதிர்ப்பான்கள் இருந்தன.
ஒவ்வொன்றுக்கும் ஒரு கை.
எதைப் பிடிப்பதென்று
எதற்கும் தெரியாது.

நாங்கள் தேடியது ஒரு புரதம்.
சிறுநீரகம் தன் கஷ்டத்தை
வாய்விட்டுச் சொல்வதற்கு முன்பே
ரத்தத்தில் கசியவிடும் ஒன்று.
அதைக் குழியின் அடியில் ஒட்டவைத்து
நூறு கோடியையும் ஊற்றினோம்.
பிறகு கழுவினோம்.
சோப்புத் தண்ணீரில் ஐந்து தடவை,
அடுத்த சுற்றில் பத்து,
நான்காம் சுற்றில் இருபது.
விட்டுப்போனவை பிளீச்சிங் வாளிக்கு.
விடாதவற்றை அமிலம் ஊற்றிப் பெயர்த்து
பாக்டீரியாவுக்குள் விட்டுப் பெருக்கினோம்.
அரிசி களைவதற்கு நேர்மாறு இது:
நமக்கு வேண்டியது
அந்த ஒரு கல்.

மார்ச்சில் ஜெயித்தது சி-ஏழு.
குழிக்குக் குழி நீலம், அடர்நீலம்.
செரியன் கேக் வாங்கக் கிளம்பிவிட்டார்.
அவர் திரும்புவதற்குள் நஸ்னீன்
புரதமே வைக்காத குழியில் ஊற்றிப் பார்த்தாள்.
அங்கேயும் நீலம்.
சி-ஏழு பிடித்திருந்தது
இடைவெளியை அடைக்க நாங்கள் பூசிய
பால்பவுடரை.
நாலு மாதம் கழுவிக் கழுவி
பால்மேல் தீராத பிரியமுள்ள
ஓர் எதிர்ப்பானைச் செய்திருந்தோம்.
கேக்கை வெட்டினோம். வேறென்ன செய்ய.

பிறகு வந்தது பி-பதினொன்று.
தயக்கமான பிடி.
நூற்றிரண்டாம் இடத்திலிருந்த செரினை எழுப்பிவிட்டு
டைரோசினை உட்காரவைத்தோம்.
அதன்பின் அது பாலைச் சீண்டவில்லை,
பிளாஸ்டிக்கைச் சீண்டவில்லை.
நோயாளிகளின் சீரத்தில், அத்தனை நெரிசலில்,
தன் ஆளை மட்டும் கண்டுபிடித்தது.

ஒப்பிட, நோயில்லாத ரத்தம் வேண்டும்.
வெளியே எங்கே போக?
எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டோம்,
சட்டைக் கையை மடக்கினோம்.
சுமங்களா ஹெக்டே பெயர்களை நீக்கி
எண் ஒட்டினாள்:
ஆரோக்கியம் ஒன்று, ஆரோக்கியம் இரண்டு...
பட்டியலை டிராயரில் பூட்டிச் சாவியோடு
சிர்சிக்கு பஸ் ஏறினாள், தங்கை கல்யாணத்துக்கு.

வெள்ளிக்கிழமை, பதினொன்றரை மணி.
ஏழு குழிகள் தண்ணீர் மாதிரி நின்றன.
ஆரோக்கியம் ஆறு
மெல்ல, அவசரமே இல்லாமல்
நீலமானது.

"பி-பதினொன்றின் தப்பாக இருக்கும்" என்றார் செரியன்.
இருக்கலாம். பாலை யாரும் மறந்துவிடவில்லை.
திரும்பச் செய்தோம். நீலம்.
வேறு தட்டு, வேறு ஆள். நீலம்.
ஓர் எதிர்ப்பான் பொய் சொல்லட்டும் என்று
அதைச் செய்தவர்களே வேண்டிக்கொண்டது
அன்றைக்குத்தான்.

சுமங்களாவின் வீடு பாக்குத் தோட்டத்துக்கு நடுவில்.
சிக்னல் கிடையாது.
மதியம் யாரும் யார் டப்பாவிலும் கைவைக்கவில்லை.
திப்பேசுவாமி ஊறுகாயைத் திறந்து
பார்த்துவிட்டு மூடிவைத்தான்.
நான் மேஜைக்கடியில்
என் கணுக்காலை அழுத்திப் பார்த்தேன்,
குழி விழுகிறதா என்று.
நிமிர்ந்தால், எதிரே நஸ்னீனும்
குனிந்திருந்தாள்.

இருபது லிட்டர் தண்ணீர் கேன்
வழக்கமாகத் திங்கள்வரை வரும்.
மூன்று மணிக்கே காலி.
புதுக் கேனைத் தோளிலிருந்து இறக்கிய ஹனுமேஷ்
வரிசையில் டம்ளரோடு நின்ற எட்டுப் பேரையும் பார்த்துச்
சிரித்தபடி கேட்டான்:
"ஏன் மேடம், ஃபங்ஷனா?"