நமுத்த தாள்

மஞ்சக்குப்பம், கலெக்டர் ஆபீசுக்கு எதிர்வரிசை.
டீக்கடைக்கும் ஸ்டாம்ப் வெண்டர் மேசைக்கும் நடுவே
ஆறடிக்கு எட்டடி ஜெராக்ஸ் கடை.
மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
என் வேலை பார்ப்பது.

நாங்கள் செய்த பிரிண்டர் ஜன்னலில்
ஆறு பக்கங்கள், நாற்பத்தேழு தேர்வுகள்.
ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு கூட்டத்தில்
யாரோ ஒருவர் சொல்லியிருக்கிறார்:
இருந்துவிட்டுப் போகட்டுமே.

அஞ்சலாட்சி அதில் பாதியைப் பார்த்ததே இல்லை.
உரக்கடை காலண்டர் அட்டையை அளவெடுத்து
திரைமேல் ஒட்டிவைத்திருக்கிறாள்.
அட்டையில் மூன்று ஓட்டை.
மவுஸ் அம்பு ஓட்டைக்கு ஓட்டை
எலி மாதிரியே ஓடுகிறது.
"எதுக்குங்க அட்டை?"
"போன தீபாவளிக்குக் கை பட்டு
பொங்கல் வரைக்கும் எல்லாம் தலைகீழா வந்துது மேடம்."

திங்கட்கிழமை, மனுநாள்.
லேண்ட்ஸ்கேப் என்று ஒருவரும் கேட்கவில்லை.
குறுக்கால போடும்மா என்றார்கள்.
செட்டு செட்டா என்றார்கள்.
குள்ளஞ்சாவடியிலிருந்து வந்தவர்
பட்டா நம்பர் மட்டும் கலெக்டர் கண்ணைக் குத்தணும் என்றார்.
அவள் நூற்று நாற்பது என்று தட்டினாள்.
நான் எழுதிக்கொண்டேன்.

பதினொன்றுக்குக் கடல் பக்கமிருந்து ஈரக்காற்று.
தாள் நமுத்து, முனை சுருண்டு,
உருளைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.
மூன்றாவது ஓட்டைக்குள் கைவிட்டவள் போல
'தடித்த தாள்' என்பதைத் தொட்டாள்.
"இது தடிச்ச தாள் இல்லையே."
"இல்லதான். அப்படிச் சொன்னா மெதுவா இழுக்கும்.
இதுகிட்ட உண்மையைச் சொன்னா வேலை ஆகாது."

அன்றிரவு திருப்பாப்புலியூர் லாட்ஜில்
கொசுவர்த்திப் புகைக்குள் அழித்தேன், அழித்தேன்.
நாற்பத்தேழு நான்கானது.
படுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
பெருக்கி முடித்த வீட்டைப் பார்ப்பது போல.

அடுத்த வாரம் புதன்கிழமை.
புது ஜன்னல். அட்டையை அவளே உரித்தாள்,
பசைத் தடத்தை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தாள்.
குறுக்கால. ரெண்டு பக்கமும். செட்டா. பெருசா.
ஒருவரும் என்னை எதுவும் கேட்கவில்லை.
இதைவிடப் பெரிய பாராட்டு எங்கள் தொழிலில் கிடையாது.

பிற்பகல் பாவாடைராயன் வந்தார்,
வாடகை ஒப்பந்தம், இருபது ரூபாய்ப் பத்திரம்.
முத்திரைக்குக் கீழே தொடங்க வேண்டிய எழுத்து
முத்திரை மேலேயே ஏறி உட்கார்ந்தது.
'கடலூர் மாவட்டம்' என்ற சொல்
சிங்கங்களின் முகத்தில் கறுப்பாய்.

மேல் ஓரம் எங்கே என்று தேடினாள்.
நான்தான் எடுத்திருந்தேன்.
என் நோட்டில் அதற்கு ஒரு கோடும் விழவில்லை.
நான் பார்த்தது மனுநாளை.
பத்திரம் மற்ற நாளில் வரும்.

இருபது ரூபாயை நான் கொடுத்தேன்.
அவர் வாங்கிக்கொண்டார், ஆனால்
வெண்டர் சாப்பிடப் போயிருந்தார்,
வீட்டுக்காரர் விருத்தாசலம் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.
அதற்கு என்னிடம் சில்லறை இல்லை.

மறுநாள் போனேன். அட்டை திரும்ப ஏறியிருந்தது.

இப்போது ஜன்னலில் ஒரு தாளின் படம்.
குறுக்கே ஒரு கோடு.
இழுத்துவிட்டால் நிற்கும்:
'இதுக்குக் கீழே.'
பக்கத்தில் இன்னொரு கட்டம்: 'நமுத்த தாள்.'
தலைமை அலுவலகத்தில் கேட்டார்கள்,
அதென்ன, எந்த வகைத் தாள், எத்தனை கிராம்?
ஐப்பசியில் ஒருமுறை இங்கே வந்து போங்கள் என்று
பதில் போட்டேன்.

அஞ்சலாட்சி ஒரு மணிநேரம் ஓட்டிப் பார்த்தாள்.
பிறகு மேசைக்கடியிலிருந்து
இந்த வருஷத்துக் காலண்டரை எடுத்து,
தாள்களைக் கிழித்துத் தனியே வைத்துவிட்டு,
அட்டையைத் திரைமேல் பொருத்தினாள்.
பிளேடால் ஆறு ஓட்டை.
ஏழாவதாகவும் ஒன்று வெட்டினாள்,
வெறும் சாம்பல் திரைக்கு மேலே.

"அங்கே ஒண்ணுமில்லையே?"

"இருந்துட்டுப் போவட்டும் மேடம்."