முன்னிரண்டும் சும்மா சுற்றும்

எஸ்.பி. ரோட்டில் ஏழு கடை.
ஏழாவது ஆள் பல்சக்கரத்தை
டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்து
"சிகல்லா மேடம்" என்றார்.
வெளியிலிருந்து வரவழைத்தால் ஆறு வாரம்,
சுங்கமும் சேர்ந்தால்
வண்டி விலையில் பாதி.

பதினோரு பல்லில் நாலைக் காணோம்.
நடைபாதைக் கருங்கல்லில் மோதிய அன்றே
முன்பக்கம் மாவு மில் மாதிரி அரைத்தது.
நான்தான் காதில் விழாதது போல
இன்னும் இரண்டு ஞாயிறு ஓட்டினேன்.

வியாழன் இரவு.
ஹெப்பாளில் ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே
நின்றுபோன லிஃப்டிலிருந்து
ஒரு ஃப்ரிட்ஜையும் இரண்டு பேரையும் இறக்கிவிட்டு
கை கழுவாமலே உட்கார்ந்தேன்.
எப்படியும் கிரீஸ்தான்.

சாப்பாட்டுத் தட்டில் திருகாணிகள்.
முன்பெட்டிக்குள்
செம்மண், மெட்ரோ சிமெண்ட்,
காய்ந்த புல் ஒன்று,
தண்டைச் சுற்றி ஒன்பது சுற்றாய்
ஒரு நீள முடி.
என்னுடையது இல்லை.
என்னுடையது கழுத்தளவு.

நடுத்தண்டை உருவினேன்.
முதுகெலும்பை எடுப்பது போலிருக்கும் என்று பயந்தேன்.
குடைக் கம்பியை எடுத்தது போலத்தான் இருந்தது.
பக்கத்து அச்சுகளுக்கு நாயெலும்பு என்று பெயர்.
அப்படியேதான் இருக்கின்றன,
இரண்டு முனையும் உருண்டு.
குட்டை அச்சு மட்டும் மிச்சம்,
சக்கரம் கழன்று விழாமலிருக்க.

பேட்டரி போட்டு விசையை அழுத்தினால்
மோட்டார் கூவுகிறது,
வண்டி அசையவில்லை.
அரை மணி நேரம் கழித்துப் புரிந்தது:
நடு டிஃபரென்ஷியலைப் பூட்ட மறந்திருக்கிறேன்.
மொத்த வலுவும்
யாருமே இல்லாத முன்பக்கம் பார்த்து
ஓடிக்கொண்டிருக்கிறது.
எளிதாய்ச் சுற்றுகிற பக்கம்தானே அது போகும்.
எம்சீலைப் பிசைந்து அடைத்துவிட்டுப் படுத்தேன்.
விரலிடுக்கில் காலைவரை கெட்டியாக ஒட்டியிருந்தது.

கழற்றியதெல்லாம் நூற்று நாற்பது கிராம்.

ஞாயிறு, ஹொரமாவு, காலி மனை.
வேலி ஓரம் மஞ்சப்பா நாற்காலி போட்டாயிற்று.
நிஷ்சல் பன்னிரண்டு வயதுக்காரன்,
வண்டியைக் குப்புறப் போட்டு ஆராய்ந்து
"முன்னாடி ஒண்ணுமே இல்லியே ஆன்ட்டி" என்றான்.
திசை இருக்கிறது என்றேன்.
முகத்தைப் பார்த்தால் நம்பினவனாய் இல்லை.

முதல் அழுத்தலில் மூக்கு எழும்பி
மல்லாந்துவிட்டது.
நாலு சக்கரமும் வானத்தைப் பார்த்து,
அதில் இரண்டு மட்டும் சுற்றிக்கொண்டு.

பம்பருக்கு அடியில்
ஐந்து ரூபாய் நாணயம் ஆறு,
டேப் சுற்றி ஒட்டினேன்.
அப்புறம் போனது பாருங்கள்!
இத்தனை நாள் இதற்குள்ளே
இந்த ஓட்டம் எங்கே படுத்திருந்தது?
நேர்ப்பாதையில் நிஷ்சலின் வண்டி
என் புழுதியில் இருந்தது.

வளைவு வேறு கதை.
வால் மூக்கை முந்த வருகிறது.
பிரேக் பிடித்தால் இன்னும் மோசம்.
விரலைப் பாதி விட்டு, பாதி வைத்து,
சறுக்கல் முடிகிற இடத்தைக்
குத்துமதிப்பாகத் தெரிந்து...
மூன்று முறை வேலிக்குள் போனேன்,
நாலாவதில் மஞ்சப்பாவின் நாற்காலிக்கடியில்.
அவர் காலை மட்டும் தூக்கிக்கொண்டார்.

பதினொன்றரைக்கு மழை.
நிஷ்சலின் நாலு சக்கரமும் மண்ணைக் கவ்வி
சேற்றைத் தாண்டிப் போயின.
என் வண்டியின் பின்னிரண்டும்
தனக்கான குழியைத் தானே தோண்ட,
முன்னிரண்டும் இடமும் வலமும் திரும்பித் திரும்பி
வழியைக் காட்டிக்கொண்டிருந்தன.

செருப்பை விட்டுவிட்டு இறங்கினேன்.
முழங்கால்வரை செம்மண்.
பம்பரைப் பிடித்து இழுக்கையில்
வேலிக்கு அந்தப் பக்கம் நிஷ்சல் கத்தினான்:
"ஆன்ட்டி, இப்ப அது ஃபோர் வீல்!"

டீக்கடையில் பதினைந்து ரூபாய்.
பர்ஸ் பைக் டிக்கியில், போனில் சார்ஜ் இல்லை.
பம்பர் டேப்பைக் கிழித்து
மூன்று நாணயம் எடுத்துக் கொடுத்தேன்.
பசை பிசுபிசுக்க வாங்கியவர்
ஒன்றும் கேட்காமல் டப்பாவில் போட்டார்.

மிச்சம் மூன்றோடு ஒரு சுற்று போனேன்.
மூக்கு கொஞ்சம் தூக்கித்தான் ஓடியது,
விழவில்லை.