எழுபத்தொரு நிமிடம்

கூடைப்பந்து வளையத்தில் ஒரு முனை,
பேக்கரி ஜன்னல் கம்பியில் மறுமுனை.
இரண்டு படுக்கை விரிப்பைச் சேர்த்துத் தைத்த திரை.
தையல் சரியாக நாயகன் கழுத்தில் விழுகிறது.
வால்பராய்சோவில் இருட்டினால்
கடல்காற்று யார் பேச்சையும் கேட்காது.
திரை பாய்மரமாகிவிடாமல்
பின்னால் நின்று பிடித்துக்கொள்வது என் வேலை.
படப்பிடிப்பில் மைக் கம்பைத் தூக்கியவனும் நான்தான்.
உன் கைகள் பிடிப்பதற்கென்றே ஆனவை
என்பான் யெர்க்கோ, இயக்குநர்.
சம்பளம் பிறகு.

பின்பக்கம் எல்லாம் இடவலம் மாறித் தெரியும்.
திருடன் இடக்கையால் பூட்டை நெம்புகிறான்.
ஓரத்தில் ஒரு கிழிசல். அதற்குக் கண்ணை வைத்தால்
அறுபது முகங்கள், நீல வெளிச்சத்தில்.

தாமிரக் கம்பி வெட்டும் காட்சியில்
ரொசாமெல் எழுந்தே விட்டார்:
"இப்படி வெட்டினால் கருகிச் சாவான்!
கையுறை எங்கே? காலில் ரப்பர் எங்கே?"
மனைவி சட்டையைப் பிடித்து இழுக்கிறாள்.
பதினோரு மாதம் உள்ளே இருந்தவர்,
தொழில் சுத்தம் பார்க்கிறார்.

படிக்கட்டுத் துரத்தலில் ஊரே மூச்சை அடக்க
ஓய்வுபெற்ற போலீஸ்காரர் நிபால்டோ மட்டும் சிரித்தார்.
"இந்தப் படியில் நாங்கள் ஓடியதே கிடையாது.
கீழே நின்றிருப்போம்.
பசித்தால் இறங்கி வருவான்."

சாந்தியாகோவிலிருந்து வந்த பத்திரிகைப் பெண்
இடைவேளையில் கேட்டாள்:
அந்த இருளை எப்படிச் சாதித்தீர்கள்?
யெர்க்கோ தாடியைத் தடவிக்கொண்டு
ஏதோ தத்துவம் சொன்னான்.
விளக்கு வாடகைக்குக் காசில்லை, அவ்வளவுதான்.

ஐம்பத்திரண்டாம் நிமிடம்.
எலியாசர் தோளில் கேஸ் சிலிண்டரோடு படியிறங்குகிறான்.
சிலிண்டரின் இடுப்பில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு 'எம்'.
நான் நின்ற பக்கமிருந்தும் அது எம்தான்.
இடவலம் மாறினாலும் மாறாத எழுத்து.

"நிறுத்து!"
சலவைக்காரி மக்லோவியா.
படம் நின்றது. பையன் ஒரு கால் தூக்கியபடி.
"அது என்னுடையது. ஆகஸ்டில் போனது."
யெர்க்கோ தடுமாறினான்:
"நாலாயிரம் பெசோ கொடுத்து வாங்கினேன்..."
"யாரிடம்?"
"நினைவில்லை."

அறுபது தலைகளில் ஒன்றும் திரும்பவில்லை.
இந்தக் குன்றில் அதற்கொரு பழக்கம் உண்டு.
நான் துணியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.
அப்போது காற்று இல்லை.

மக்லோவியா வெகுநேரம் அந்தப் பையனையே பார்த்தாள்,
தூக்கிய காலை, திறந்த வாயை.
பிறகு உட்கார்ந்தாள்.
"ஓடவிடு. எங்கே கொண்டுபோகிறான், பார்ப்போம்."

எங்கேயும் கொண்டுபோகவில்லை.
நாற்பது படி தாண்டி வழுக்கி விழுகிறான்.
சிலிண்டர் தனியாக உருண்டு போகும் அந்தச் சத்தம்
நான் பிடித்தது. அதில் எனக்குப் பெருமை உண்டு.
மகனின் ஒவ்வொரு கெட்ட வார்த்தைக்கும்
அதுவரை சிலுவை போட்டுக்கொண்டிருந்த ஒதிலியா,
பக்கத்திலேயே உட்கார்ந்து
எண்ணெய் வடிய பூசணி அடை தின்றுகொண்டிருந்த
அதே மகனின் மணிக்கட்டை
எட்டிப் பிடித்துக்கொண்டாள்.
பெயர்கள் ஓடி முடியும்வரை விடவில்லை.

கைதட்டல் வந்தது. கொஞ்சம்.
யாரோ முடிவு சரியில்லை என்றார்கள்,
யாரோ தன் வீட்டு ஜன்னல் இரண்டு முறை வந்ததென்றார்கள்.
நாய்கள் நாற்காலிகளுக்கு அடியில் மிச்சம் தேடின.

விரிப்பை மடிக்க ஒரு கை வேண்டுமென்றேன்.
மறுமுனையைப் பிடித்தது மக்லோவியா.
விரிப்பு மடிப்பதென்றால்
இரண்டு பேர் எதிரெதிரே நடந்து வந்தாக வேண்டும்.
முதல் மடிப்பில் பேசவில்லை.
இரண்டாவதில் சொன்னாள்:
"பையன் நடிப்பு பரவாயில்லை.
ஆனால் காலிச் சிலிண்டர். தூக்கும்போதே தெரிகிறது.
என்னுடையது நிரம்பியிருந்தது."

மூன்றாம் மடிப்பில் விரல்கள் தொட்டுக்கொண்டன.
"நிரம்பியதைத் தூக்கினால்
முழங்கால் மடங்கும், இல்லையா?"