பதினான்காம் எண்

பட்டூமியில் மூன்று நாளாக மழை.
ஆம்புலன்ஸ் ஊழியர் பயிற்சி, மாலை வகுப்பு.
மேசைமேல் நிற்கிறான் பிளாஸ்டிக் மனிதன்:
கையில்லை, காலில்லை,
வயிற்றுக்கு ஒரு கதவு மட்டும் உண்டு.

இன்று என் முறை.
ஒவ்வொன்றாகக் கழற்றி, பெயர் சொல்லி,
எந்த மண்டலத்து ஆள் என்றும் சொல்லி
பழையபடி பூட்ட வேண்டும்.

நுரையீரல் சுலபம்.
இடப்பக்கத்தது கொஞ்சம் சிறிசு,
நெரிசலில் நகர்ந்து உட்கார்ந்து
இதயத்துக்கு இடம் கொடுத்திருக்கிறது.
கல்லீரல், கையில் ஒரு செங்கல்.
குடலை எடுத்துவிட்டேன், வைக்கத்தான் வரவில்லை.
எப்படி மடித்தாலும் பெட்டி மூடவில்லை.
நானூலி சிரித்துச் சிரித்து
விக்கல் வரவழைத்துக்கொண்டாள்
(சுவாச மண்டலம், உதரவிதானம். சொன்னேன்.)

இரைப்பைக்குப் பின்னே
இடது விலாவின் அடியில்
ஒரு குழி.
காலி.

போன வாரம் இருந்ததே?
மேசைக்கடியில் தேடினோம்.
குடைகளை உதறினோம்.
ட்சிரா தன் பையிலிருந்து
உலர்ந்த அத்திப்பழம் ஒன்றை எடுத்து
குழியில் வைத்துப் பார்த்தாள்.
கிட்டத்தட்டப் பொருந்தியது.

பிட்ஜினா மட்டும் எழுந்திருக்கவில்லை.
மினிபஸ் ஓட்டியவர். ஐம்பது இருக்கும்.
"அது இல்லாமலும் வண்டி ஓடும்" என்றார்
நோட்டிலிருந்து தலை தூக்காமல்.

நிணநீர் மண்டலம், புத்தகத்தில் அரைப் பக்கம்.
இதயத்துக்கு மட்டும் முப்பது.

நிறுத்தத்தில் அவரும் நானும்.
கேட்காமலே சட்டையை உயர்த்தினார்.
தொப்புளைச் சுற்றி வளைந்து
நெடுக ஒரு தையல்.
கோடெர்ட்ஸி கணவாய், பனி, எதிரே லாரி.
ஏழு வருஷம்.
"எடுத்ததை யாரும் காட்டவில்லை.
எந்த வாளியில் போனதோ.
எப்படித்தான் இருக்கும் என்று..."

கோட்டுப் பையிலிருந்து வெளியே வந்தது
பெரிய அவரை விதை போல,
ஊதா, உள்ளங்கை அளவு.
முதுகில் 14 என்று எண்.
மழையில் அதை நனையவிடாமல்
இன்னொரு கையால் மூடிக்கொண்டார்.

ஈரக்குலை பதறியது என்கிறார்களே,
அது எந்த மண்டலம்?
யாரும் நடத்தவில்லை.

"நாளைக்கு வைத்துவிடுகிறேன்" என்றார்.
அவசரமில்லை என்றேன்,
அத்திப்பழம் இருக்கிறது.

பேருந்தில் ஜன்னலோரம்.
ஒன்பதாம் விலாவிலிருந்து பதினொன்று வரை
விரலால் எண்ணி, மூச்சை இழுத்து,
அழுத்திப் பார்த்தேன்.
நலமாயிருந்தால் கைக்குத் தட்டுப்படாதாம்.

தட்டுப்படவில்லை.